இரு சேட்டுகளும் ஓர் இளம் வக்கீலும்

காந்திஜி தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட சம்பவத்தை அறியாதார் இல்லை. அவரை அந்த ரயிலில் ஏறச் செய்த வழக்கைப் பற்றி அறிந்தோர் சொற்பமே. அவ்வழக்கின் இரு கட்சிக்காரரும் நம் சகோதர முஸ்லிம்கள்.

போர்பந்தர் மேமன் வணிகரான தாதா அப்துல்லாஹ் சேட் டர்பன் நகரில் பெரும் வியாபாரம் நடத்தி வந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் அதே ஊர்க்காரருமான தய்யிப் சேட், பிரிட்டோரியாவில் வணிகம் செய்தார். பிராமிசரி நோட்டுகள் சம்பந்தமாக இவரிடம் 40,000 பவுன் கோரி அவர் வழக்காடினார். அதில் உதவவே 1893இல், ஓராண்டுக்கு 105 பவுன் ஊதியத்தில் காந்திஜி வந்து சேர்ந்தார். 24 வயதுகூட நிரம்பவில்லை. பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கிலேயே நா எழாமல் உட்கார்ந்துவிட்டவர் அவர்.

கணக்கெழுதும் முறை தெரியாததால் அதற்கொரு புத்தகம் வாங்கிப் படித்தார். தஸ்தாவேஜுகள் அனைத்தையும் பார்த்தபின், தம் கட்சிக்காரர் பக்கமே நியாயம் பலமாயிருப்பதைக் கண்டார். தோற்கப் போகிறவன் ஸுல்ஹு பேச வருவது உலக வழக்கம்; இவரோ ஜெயிக்கும் பக்கத்தில் நின்று பேசினார். இரு தரப்பு வக்கீல் கூலியும் ஏறிக்கொண்டே போயிற்று. வென்றவருக்கும் செலவு முழுவதும் திரும்பி வராது. எனவே தய்யிப் சேட்டை நேரில் சந்தித்து, இருவரும் நம்பும் ஒரு மத்தியஸ்தரிடம் விடலாம் என்று வேண்டினார். அவர் இணங்கினார். தீர்ப்பு அப்துல்லாஹ் சேட்டுக்குச் சாதகமாயிற்று. செலவு நீங்கலாகத் தொகை சுமார் 37,000 பவுன்.

கஷ்டம் இதன் பிறகே வந்தது. அத்தனையும் ஒரே தடவையில் செலுத்த தய்யிப் சேட்டால் முடியாது. ஒரு காசு குறைத்துக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. திவாலாவதோ அந்த மேமன்களுக்கு மரணத்தினும் கொடியது. நீண்ட தவணை ஒன்றே வழி. மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்ததைவிட, வென்றவரைத் தவணைக்கு இணங்க வைப்பதே காந்திஜிக்குப் பெரும்பாடாக இருந்தது. நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் தரும்படி அல்பகரா அத்தியாயம் பணிப்பதை அப்துல்லாஹ் சேட் அறியாதவரல்லர். காந்திஜிக்கே இஸ்லாத்தை எடுத்துச் சொன்னவர் அவர்! ஆயினும் தீர்ப்பு கையிலிருக்கையில் மனம் இளகுவது லேசன்று. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் தீர்ப்புச் சொன்னதும் எழுந்துவிடுகிறோம். தோற்றவர் எப்படிக் கட்டுவார் என்று கேட்பாரில்லை.

முடிவில் அவர் நீண்ட தவணைக்கு ஒப்பினார். இருவர் மதிப்பும் ஊரில் உயர்ந்தது. அதன்பின் 20 ஆண்டு வக்கீல் தொழிலில் காந்திஜி நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்த்து வைத்தார். 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்க அவர் மக்களைக் கூட்டியது அப்துல்லாஹ் சேட்டின் வீட்டு மண்டபத்தில்தான்.