படிக்கச் சென்றது சட்டம், திரும்பிப் பிடித்தது பேனா: எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூருக்கு வந்த கதை

வெளிநாட்டில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்த பிள்ளை ஊர் திரும்புகிறான் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: என்ன வேலைக்கு வருகிறான்? இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் லண்டனிலிருந்து கப்பலேறிய ஓர் இளைஞரிடமும் அவரது உறவினர்கள் அதையே எதிர்பார்த்திருப்பார்கள். சட்டம் படிக்கச் சென்றவர் பட்டம் இல்லாமல் திரும்பினார். கையில் இருந்தது எழுத்து மட்டுமே. சிங்கப்பூரில் அவருக்குக் கிடைத்தது ஒரு செய்தித்தாள் வேலை.

அவர்தான் திரு சின்னத்தம்பி ராஜரத்தினம். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். மாணவர்கள் பள்ளியில் சொல்லும் தேசியப் பற்றுறுதியின் வாசகத்தை எழுதியவர். அவர் மறைந்து 20 ஆண்டுகள் ஆகின்றன. அவரது அரசியல் வாழ்க்கை பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யாழ்ப்பாணம், சிரம்பான், சிங்கப்பூர்

திரு ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், 1915 பிப்ரவரி 25ஆம் தேதி. பெற்றோர் வாழ்ந்ததோ மலாயாவில். மூத்த பிள்ளை இறந்துவிட்டதால், அடுத்த பிள்ளையாவது சொந்த ஊரில் பிறந்தால் நல்லது என்று குடும்பம் நம்பியது. பிறந்து ஆறு மாதத்தில் கைக்குழந்தையாக அவர் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை சின்னத்தம்பி சிரம்பான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மேற்பார்வையாளராக இருந்தவர்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் மலாயாவின் ரயில்வே, அஞ்சல், தோட்ட அலுவலகங்களில் வேலை செய்தார்கள். ஆங்கிலக் கல்விதான் அவர்களின் சொத்து. பிள்ளை மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டும், இல்லையென்றால் அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும். அதுவே கௌரவம்.

சிரம்பானிலும் கோலாலம்பூர் விக்டோரியா கல்வி நிலையத்திலும் படித்த திரு ராஜரத்தினம், சிங்கப்பூருக்கு வந்து ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். அன்று அந்தப் பள்ளி பிரஸ் பாசா சாலையில், இன்று ராஃபிள்ஸ் சிட்டி கட்டடம் நிற்கும் இடத்தில் இருந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்த பையனுக்குப் பெருநகரம் முதலில் அறிமுகமானது அங்கேதான். அங்கிருந்து சற்று தூரம் நடந்தால் ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் கம்போங் கிளாம், அதையும் தாண்டினால் சிராங்கூன் சாலை. பிற்காலத்தில் தம் வாழ்க்கையின் முப்பது ஆண்டுகளை எந்த வட்டாரத்துக்குக் கொடுக்கப்போகிறோம் என்று அந்த மாணவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

லண்டனில் பன்னிரண்டு ஆண்டு

1930களில் சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். போர் மூண்டது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் வீட்டிலிருந்து பணம் வருவது அடியோடு நின்றது. படிப்பும் முடிவடையவில்லை.

வயிற்றுப்பாட்டுக்காக எழுதத் தொடங்கினார் என்று சொல்லலாம். ஆனால் எழுத்தில் அவருக்கு உண்மையிலேயே திறமை இருந்தது. செய்தித்தாள்களுக்குக் கட்டுரைகளும், வறட்சி, பஞ்சம், கிராமத்து ஏழைகளின் துயரம் ஆகியவை பற்றி ஆங்கிலச் சிறுகதைகளும் எழுதினார். அன்று பிபிசியின் கிழக்கு நாடுகளுக்கான பிரிவில் பணியாற்றிய எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் கண்ணில் அவரது எழுத்து பட்டது. வானொலிக்கு எழுதும் வாய்ப்பும் வந்தது.

குடியேற்ற ஆட்சிக்கு எதிராகப் பேசிய இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், பிரிட்டிஷ் இடதுசாரிகள் ஆகியோருடன் லண்டனில் அவர் பழகினார். ஹங்கேரியில் பிறந்த பிரோஸ்கா ஃபெஹரைச் சந்தித்து மணந்ததும் அங்கேதான்.

ஆக, லண்டனில் அவருக்கு ஓர் இடம் உருவாகியிருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் எழுத்தாளராகப் பெயர் பெற்றிருக்கலாம். ஆனால் உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1947ல் இந்தியாவும் 1948ல் இலங்கையும் விடுதலை பெற்றன. மலாயாவிலும் மாற்றம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அது நடக்கும்போது தாம் எங்கே இருக்க வேண்டும் என்பதே அவர் முன் இருந்த கேள்வி.

பிறந்த வட்டுக்கோட்டைக்கு அவர் போகவில்லை. தந்தையின் தோட்டம் இருந்த சிரம்பானில் தங்கிவிடவும் இல்லை. மாணவராகப் பழகிய சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கிலப் பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் அரசியலும் ஒரே இடத்தில் கூடியிருந்த நகரம் அது.

மூன்று செய்தித்தாள்கள்

முதலில் அவர் சேர்ந்தது 'மலாயன் ட்ரிபியூன்'. 1914ல் ஆசிய வாசகர்களின் குரலாகத் தொடங்கப்பட்ட ஆங்கில நாளிதழ் அது. 1950ல் அங்கிருந்து விலகினார். அதே ஆண்டு, புலித் தைலத்தால் பெயர்பெற்ற வணிகர் ஓ பூன் ஹா தொடங்கிய 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் சேர்ந்தார். 1954ல் அன்றைய பெரிய நாளிதழான 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அவரை எடுத்துக்கொண்டது.

வெளியிலிருந்து பார்த்தால் இது படிப்படியான முன்னேற்றம்: சிறிய நாளிதழிலிருந்து பெரிய நாளிதழுக்கு. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆட்சியாளர்களைக் குறைசொல்லி எழுதுவது எளிதான வேலையன்று. 1948 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவசரநிலை நடப்பில் இருந்தது. விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில்தான், தாம் விரும்பியபடி எழுதுகிறேன் என்று பொருள்படும் தலைப்பில் அவர் பத்தி எழுதினார். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

1952ல் அஞ்சல் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர் இங்கிலாந்திலிருந்து அண்மையில் திரும்பியிருந்த இளம் வழக்கறிஞர் திரு லீ குவான் யூ. டாக்டர் கோ கெங் சுவீ மூலம் திரு லீக்கு அறிமுகமான திரு ராஜரத்தினம், தமது நாளிதழில் ஊழியர்களின் பக்க நியாயத்தை எழுதினார். நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் ஒருவர் வாதாட, பொதுமக்களின் மனத்தை மற்றவர் பேனாவால் திருப்பினார்.

அந்த நட்பு ஆக்ஸ்லி சாலையில் இருந்த திரு லீயின் வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றது. அந்த வீட்டின் சாப்பாட்டு அறையில் நடந்த சந்திப்புகளிலிருந்து பிறந்ததே மக்கள் செயல் கட்சி. 1954 நவம்பர் 21ஆம் தேதி விக்டோரியா நினைவு மண்டபத்தில் கட்சி தொடங்கப்பட்டபோது, திரு ராஜரத்தினம் அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். 1957ல், பல இனத்தவர் எப்படி ஒரு நாட்டினர் ஆவது என்பதைப் பற்றி மலாயா வானொலிக்கு ஆறு பகுதி நாடகம் ஒன்றையும் எழுதினார்.

வேலையை விட்ட ஆண்டு

1959ல் அவருக்கு வயது 44. பெரிய நாளிதழில் நிலையான வேலை. வெற்றி பெறுவோமா என்று தெரியாத ஒரு பொதுத் தேர்தலுக்காக அவர் அந்த வேலையை விட்டார்.

அவர் நின்ற தொகுதி கம்போங் கிளாம். சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றிய மலாய், அரபு, இந்திய முஸ்லிம் குடும்பங்கள், சீனக் கடைக்காரர்கள், தொழிலாளர்கள் எனப் பல இனத்தவரும் நெருக்கமாக வாழ்ந்த வட்டாரம். ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் தேக்காவும் சிராங்கூன் சாலையும். ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை அந்தத் தொகுதி தேர்ந்தெடுத்தது. 1988ல் அரசியலிலிருந்து ஓய்வுபெறும்வரை அவரே அதன் உறுப்பினர்.

51 இடங்களில் 43ஐ வென்ற மக்கள் செயல் கட்சி ஆட்சி அமைத்தது. திரு ராஜரத்தினம் கலாசார அமைச்சரானார். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி சிங்கப்பூரின் கொடி, சின்னம், நாட்டுப் பாடல் ஆகியவை அறிமுகம் கண்டன. மலாய், சீன, இந்திய ஆடல்பாடல்களை ஒரே மேடையில் ஏற்றி, பொதுமக்களுக்கு இலவசக் கலை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. 1963 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்தியாளராக இருந்தபோது ஆட்சியாளர்களைத் தட்டிக்கேட்டவர், அமைச்சரான பிறகு பத்திரிகைகளைக் கடுமையாகக் கையாண்ட அரசாங்கத்தில் முக்கிய இடம் வகித்தார். 1971ல் இரண்டு ஆங்கில நாளிதழ்கள் மூடப்பட்டதும் அந்த அரசாங்கத்தின் காலத்தில்தான். புதிய நாடு பிழைத்திருக்க அது தேவைப்பட்டது என்று சிலரும், பழைய ராஜரத்தினம் அதை எதிர்த்து எழுதியிருப்பார் என்று சிலரும் வாதிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரது வாழ்க்கை முழுமையாகத் தெரியும்.

நாட்டுக்கு அறிமுகக் கடிதம்

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. வெளியுறவு அமைச்சு என்ற ஒன்று அதுவரை சிங்கப்பூருக்கு இருந்ததில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களுடன் அதை அவர் தொடங்கினார். ஆறு வாரத்தில், செப்டம்பர் 21ஆம் தேதி, ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் 117வது உறுப்பு நாடாகச் சிங்கப்பூர் சேர்ந்தது. இப்படி ஒரு நாடு இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லும் பொறுப்பு, ஒரு காலத்தில் லண்டனில் தமக்கே ஓர் இடம் தேடிய அந்த மனிதரிடம் வந்தது.

அடுத்த ஆண்டு, கல்வி அமைச்சர் திரு ஓங் பாங் பூன் கேட்டுக்கொண்டதன்பேரில் பற்றுறுதியின் வரைவை எழுதினார். 1964ல் சிங்கப்பூர்த் தெருக்களில் இனக் கலவரம் நடந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இனமும் மொழியும் சமயமும் மக்களைப் பிரித்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் வந்ததற்கு அந்தப் பின்னணியே காரணம். 1966 ஆகஸ்ட் மாதம் பள்ளி மாணவர்கள் அதை முதன்முதலாகச் சொன்னார்கள்.

1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பேங்காக்கில் ஆசியான் உருவானபோது சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவரும் அவரே. அன்று கையெழுத்திட்ட ஐவரில் இந்தோனீசியாவின் ஆடம் மாலிக்கும் ஒருவர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1965 மார்ச்சில், இந்தோனீசிய நாசகாரர்கள் ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்திருந்தார்கள்.

1968ல் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் பேரின் வேலை கேள்விக்குறியானது. அந்த நெருக்கடியில் தொழிலாளர் அமைச்சையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்து எழுதியவர், இப்போது முதலீட்டாளர்கள் வருவதற்காகத் தொழிற்சங்கங்களின் பிடியைத் தளர்த்தும் சட்டங்களை விளக்க வேண்டியிருந்தது. கசப்பான வேலை அது. அதையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை.

உலக நகரம்

1972 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பத்திரிகையாளர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. இயற்கை வளமும் உள்நாட்டுச் சந்தையும் இல்லாத சிறிய தீவு எப்படிப் பிழைக்கும் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் வேறு கோணத்தில் பார்த்தார். கப்பலும் விமானமும் தொலைபேசியும் உலக நகரங்களை ஒன்றோடொன்று பிணைத்துவருகின்றன. அந்தப் பின்னலில் இடம்பிடித்தால் உலகமே சிங்கப்பூரின் சந்தையாகும் என்பது அவரது கருத்து. சாங்கி விமான நிலையம் திறக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தபோது சொன்னது அது.

அத்தகைய நகரத்துக்குத் திறமைசாலிகள் வருவார்கள், இங்கிருந்து போகவும் செய்வார்கள். அவர்களை இணைப்பது எது? ஒருவர் எந்த ஊரில், எந்த இனத்தில் பிறந்தார் என்பதைவிட, இந்த நாட்டைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டாரா என்பதே முக்கியம் என்று அவர் நம்பினார். ஓய்வுபெற்ற பிறகும், இன வேர்களையே பெரிதாகப் பேசும் போக்கையும் பணத்தையே தெய்வமாகக் கும்பிடும் போக்கையும் கண்டித்து வந்தார்.

கடைசி ஆண்டுகள்

1980 முதல் இரண்டாவது துணைப் பிரதமராகவும், 1985 முதல் மூத்த அமைச்சராகவும் இருந்து, 1988ல் ஓய்வுபெற்றார். மறு ஆண்டு மனைவி பிரோஸ்கா காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சான்சரி லேன் வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தவை புத்தகங்கள். சொற்களாலேயே வாழ்ந்த மனிதரின் நினைவாற்றலை இறுதி ஆண்டுகளில் நோய் பறித்தது.

2006 பிப்ரவரி 22ஆம் தேதி அவர் மறைந்தார். பிப்ரவரி 25ஆம் தேதி எஸ்பிளனேட் அரங்கில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அன்று அவரது 91வது பிறந்தநாள்.

இன்றும் நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓயவில்லை. மெல்பர்னிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை திரும்பி வருவதா, அங்கேயே இருப்பதா? சம்பளம் எங்கே கூடுதல், வீடு எங்கே மலிவு? இவை நியாயமான கேள்விகள்தான். கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

திரு ராஜரத்தினம் திரும்பியபோது இந்த நகரம் அவருக்குத் தந்தது ஒரு செய்தியாளர் நாற்காலி. அதைவிட நல்ல வேலை வந்தபோது அங்கே போனார். அதைவிட அவசியமான வேலை வந்தபோது, இருந்த நல்ல வேலையையும் விட்டார். எது நல்ல வேலை என்பதைச் சம்பளத்தோடு சேர்த்து, அது யாருக்குப் பயன்படும் என்பதையும் வைத்து அவர் எடைபோட்டார். ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.