எடைக் கணக்கைப் பொய்யாக்கிய பாப் பிட்ஸ்சிம்மன்ஸ்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, ஜோசப் பார்க்கர் ஆன்டி ரூயிஸை வென்று உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். மோதிய இருவருமே 100 கிலோவுக்கும் அதிகமான எடை கொண்டவர்கள்.

பார்க்கர் நியூசிலாந்தில் பிறந்தவர். ஆனால் அந்நாட்டில் வளர்ந்த வேறொருவர், அதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்னரே உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றிருந்தார். அவரது எடை ஏறத்தாழ 76 கிலோ மட்டுமே. அவர் பெயர் பாப் பிட்ஸ்சிம்மன்ஸ்.

வெவ்வேறு காலத்து வீரர்கள் மோதினால் வெல்வது யார் என்று கணிப்போருக்கு, அவரது வாழ்க்கை இன்றும் ஒரு புதிராகவே உள்ளது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1863ஆம் ஆண்டு பிறந்த பிட்ஸ்சிம்மன்ஸ், சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்தின் டிமாரு நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு கொல்லர் பட்டறையில் வேலை செய்தார். மெலிந்த கால்களுக்குப் பொருந்தாத அகன்ற தோள்களை அவருக்கு அளித்தது சம்மட்டி வேலையே எனக் கூறப்படுவதுண்டு.

பின்னர் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்ற அவர், 1890இல் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டே, 'நிகரற்றவர்' எனப் பெயர் பெற்ற ஜேக் டெம்ப்சியை வீழ்த்தி உலக மிடில்வெயிட் பட்டத்தை வென்றார்.

1897 மார்ச் 17ஆம் தேதி, நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டியில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜேம்ஸ் கார்பெட்டை அவர் சந்தித்தார். கார்பெட் ஏறத்தாழ 7 கிலோ கூடுதல் எடை கொண்டவர், நுட்பத்தில் தேர்ந்தவர். தொடக்கச் சுற்றுகளில் அவரது கையே ஓங்கியிருந்தது. ஆனால் 14ஆவது சுற்றில் மேல்வயிற்றில் விழுந்த ஒரே குத்தில் கார்பெட் மூச்சுத் திணறிச் சாய்ந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 93 கிலோ எடையுள்ள ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 1902இல் நடந்த மறுபோட்டியிலும் ஜெஃப்ரீஸே வென்றார். எனினும், 1903இல் தமது 40ஆவது வயதில் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற பிட்ஸ்சிம்மன்ஸ், மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் வீரரானார்.

1907இல் ஜேக் ஜான்சன் அவரை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்தார். அப்போது பிட்ஸ்சிம்மன்ஸின் வயது 44. ஐம்பது வயது வரை மேடையேறிய அவர், 1917ஆம் ஆண்டு சிகாகோவில் நிமோனியாவால் காலமானார்.

கற்பனைப் போட்டிகளின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. 1967இல் அமெரிக்க வானொலிக்காகக் கணினி மூலம் நடத்தப்பட்ட அனைத்துக்காலச் சாம்பியன்கள் போட்டியில், முகமது அலி ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அலி வழக்குத் தொடரும் அளவுக்கு அம்முடிவு சர்ச்சையானது.

பிட்ஸ்சிம்மன்ஸைப் பொறுத்தவரையில், எடையை மட்டும் பார்த்தால் ஜெஃப்ரீஸிடம் அவர் கண்ட தோல்விகளைக் கணிக்கலாம். கார்சன் சிட்டி வெற்றியைக் கணித்திருக்க முடியாது. வயதை மறந்தால், ஜான்சனிடம் கண்ட தோல்வி அவரது உண்மைத் திறனைக் காட்டுவதாகத் தவறாகத் தோன்றும். எனவே, பார்க்கர் போன்ற இன்றைய வீரர்களுடன் அவரை ஒப்பிடுவோர், முதலில் எந்த வயது பிட்ஸ்சிம்மன்ஸை மேடையேற்றுகிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கும்.