திருவாவடுதுறை இராஜரத்தினமும் தோடியும்

கடம் புறப்படும் வேளையில் முன்னே செல்வது நாகசுரமன்றோ! மல்லாரி முடிந்து, சுவாமி வீதியில் எழுந்தருளியதும், சொல்லும் தாளமுமின்றி இராகம் மலர்கின்றது. அதன் பேரெல்லையைக் கண்டவர் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் டி. என். இராஜரத்தினம் பிள்ளையவர்கள். 1898-இல் திருமருகலில் தோன்றிய அவர், வாய்ப்பாட்டும் பயின்றவர்.

தோடியை எடுத்தாரெனில் நாலைந்து சுரங்களாலான ஒரு சிறு பிடியே வித்து. அதனையே மீண்டும் ஊதி, ஒருமுறை ஒரு சுரம் கூட்டி, மறுமுறை ஒரு கமகம் மாற்றி, தாரஸ்தாயி வரை ஏற்றி இறக்கி, மணிக்கணக்கில் வளர்ப்பார். ஆயினும் கேட்போர் அப்பிடியை மறவார்.

பழைய திமிரி நாகசுரத்தில் சுத்த மத்தியமம் செம்மையாய்ப் பேசாது. தோடிக்கோ அச்சுரம் இன்றியமையாதது. ஆதலின் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் செப்பனிட்டமைத்த, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை மேற்கொண்டார். அதற்கு மூச்சு மிகுதியும் வேண்டும். எனினும் பின்வந்தோர் அதனையே தழுவினர்.

செருக்குடையவர் என்பாருமுண்டு. நாகசுரக்காரர்க்கு மேடையில் சரியாசனம் வேண்டி நின்றவர்க்கு அச்செருக்கு தகும் என்பதே எம் துணிபு.

1956 டிசம்பர் 12-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் அமைந்ததும் அவ்வாண்டே. நம் கூத்தப்பெருமான் சந்நிதியில் ஊதும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. பெருமான் உலா வருங்கால் முழங்குவது அவர் நிலைநாட்டிய பாரியே.