ஓவியர் தாமஸ் நாஸ்ட்

ஜெர்மனி நாட்டில் லாண்டோ என்னும் ஊரில், இசைக்கலைஞர் ஒருவரின் மகனாக 1840-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் தாமஸ் நாஸ்ட் தோன்றினார். 1846-இல் அன்னையோடும் தமக்கையோடும் கடல் கடந்து அமெரிக்காவின் நியூயார்க் நகரை அடைந்தார். தந்தையார் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தார். பள்ளிப் பாடங்களில் சிறுவரின் மனம் செல்லவில்லை. எழுத்தறிவு அவருக்கு எளிதில் கைவரவில்லை. ஓவியமோ இயல்பாகவே வாய்த்திருந்தது. பதினைந்தாம் வயதிலேயே படப் பத்திரிகை ஒன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். பின்னர், 1862-இல் ஹார்ப்பர்ஸ் வீக்லி என்னும் வார இதழில் சேர்ந்து, உள்நாட்டுப் போர்க் காட்சிகளை வரைந்து புகழ் பெற்றார்.

அக்காலத்தில் இதழ்களில் படம் அச்சிடுதல் எளிய செயலன்று. ஓவியர் மரக்கட்டையின்மீது படத்தை இடவலம் மாற்றி வரைதல் வேண்டும். செதுக்குவோர் கோட்டை விட்டுவிட்டு ஏனைய பகுதியைக் குடைந்தெடுப்பர். அக்கட்டையில் மை தடவி அச்சிடுவர். அம் மரக்கட்டையே நாஸ்டின் போர்க்களம் ஆயிற்று.

அந்நாளில் நியூயார்க் நகரின் ஆட்சி டாமனி மன்றம் என்னும் அரசியல் கழகத்தின் கையில் இருந்தது. அதன் தலைவன் வில்லியம் டுவீடு. பருத்த உடலினன், இனிய பேச்சினன். நகரத் தலைவர் ஹால், நிதி அதிகாரி கானலி, சுவீனி ஆகிய மூவரும் அவனுக்கு உற்ற துணைவர். நகருக்கு வேலை செய்வோர் தம் கணக்கில் தொகையைப் பன்மடங்கு உயர்த்தி எழுதித் தருவர். கருவூலம் அதனைக் கேள்வியின்றிக் கொடுக்கும். மிகுந்த பணம் நால்வர் பைக்கும் திரும்பி வந்து சேரும். வழக்குமன்றக் கட்டடம் ஒன்றிற்கு முதலில் மதிப்பிட்ட செலவு 2,50,000 டாலர். முடிவில் அது ஒரு கோடி டாலரையும் கடந்தது. சுவருக்குச் சுண்ணம் பூசியதாகக் காட்டிய கணக்கு மட்டுமே பல இலட்சம்! வரி செலுத்திய குடிமக்கள் வாயடைத்து நின்றனர்.

இக்கொள்ளையை நாஸ்ட் வாரந்தோறும் படமாக வரைந்தார். டுவீடின் தலை இருக்கவேண்டிய இடத்தில் பண மூட்டை ஒன்றை வைத்தார். 1871 ஆகஸ்டில் வெளிவந்த படத்தில் நால்வரும் கூட்டாளிகளும் வட்டமாக நிற்கின்றனர். மக்கள் பணத்தைத் திருடியவன் யார் என்னும் வினாவுக்கு ஒவ்வொருவனும் அடுத்தவனைச் சுட்டுகிறான். பிறிதொரு படத்தில் அவர்கள் பிணந்தின்னும் கழுகுகளாய், புயல் ஓயும் வரை மலைவிளிம்பில் ஒடுங்கியிருக்கின்றனர். அதே 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் களவுக் கணக்குகளை எண்களோடு வெளியிட்டது. எண்கள் கற்றாருக்குப் பயன்பட்டன. படமோ எழுத்தறியாத தொழிலாளியின் உள்ளத்திலும் தைத்தது. டுவீடு இதனை நன்கு உணர்ந்தான். தன் மக்களில் பலர் படிக்க அறியாதவராகையால் கட்டுரைகளுக்கு அஞ்சவில்லை என்றும், படங்களைக் காணாதபடி அவர் கண்களை மூட வழியில்லையே என்றும் அவன் நொந்துகொண்டான் என்பர்.

பகையின் சீற்றம் முதலில் பதிப்பகத்தின்மேல் பாய்ந்தது. ஹார்ப்பர் நிறுவனத்தின் பாடநூல்கள் நகரப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டன. பேரிழப்பு நேரினும் பிளெட்சர் ஹார்ப்பர் தம் ஓவியரைக் கைவிடவில்லை. அடுத்து ஆசை வலை விரிக்கப்பட்டது. ஐரோப்பா சென்று ஓவியக் கலை பயில 1,00,000 டாலர் கிடைக்கும் என ஒருவர் வந்து நயமாகக் கூறினாராம். தொகை எவ்வளவு உயரும் என்றறிய விரும்பிய நாஸ்ட், மேலும் மேலும் கேட்டார். 5,00,000 டாலருக்கும் வந்தவர் இசைந்தார். அது அவர் ஆண்டு வருவாயினும் பன்மடங்கு மிக்கது. நாஸ்ட் அதனை மறுத்து, அக்கும்பலைச் சிறைக்கு அனுப்புவதே தம் எண்ணம் என்று விடை கூறினார். அச்சுறுத்தல் மிகவே, மனைவி மக்களோடு மாரிஸ்டவுன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். படங்கள் நிற்கவில்லை.

1871 நவம்பர்த் தேர்தலில் டாமனி வேட்பாளர் பலர் தோற்றனர். டுவீடு மட்டும் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டான். ஆயினும் 1873-இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை புகுந்தான். 1875-இல் காவலினின்றும் தப்பிக் கியூபா வழியாக ஸ்பெயின் சென்றான். அங்கும் நாஸ்டின் கோடுகள் அவனைத் தொடர்ந்தன. டுவீடு இரு சிறுவரைப் பற்றி நிற்பதாக வரைந்த படம் ஒன்று ஸ்பெயின் அதிகாரிகள் கையில் இருந்தது. பிள்ளை பிடிப்பவன் என்று தவறாகக் கருதினும், முகத்தைத் தவறாமல் அறிந்து, 1876-இல் அவனைப் பிடித்தனர். 1878-இல் அவன் நியூயார்க் சிறையிலேயே இறந்தான்.

நாஸ்டின் கலையில் மாசும் உண்டு. ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தினராகவும், கத்தோலிக்க ஆயர்களை முதலைகளாகவும் அவர் வரைந்தார். கள்வரைச் சுட்டிய அதே கோல் குற்றமற்ற ஏழைக் குடியேறிகளையும் இழித்தது. இதனை மறைத்தல் முறையன்று.

1884-இல் அவர் பணம் இட்டிருந்த நிறுவனம் ஒன்று முறிந்தது, சேமித்ததெல்லாம் போயிற்று. 1886-இல் ஹார்ப்பர்ஸ் வீக்லியினின்றும் விலகினார். வறுமை சூழ்ந்த முதுமையில், 1902-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை எக்குவடோர் நாட்டின் குவாயாகில் துறைமுகத்திற்குத் தூதரக அலுவலராக அமர்த்தினார். அங்கே மஞ்சட் காய்ச்சல் பரவியது. பிறர் பாதுகாப்பாக வெளியேற உதவிய நாஸ்ட், தாம் பணியை விட்டு அகலவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள், அந்நோய்க்கே இரையாகி, மனைவி மக்கள் அருகில்லாத அயல்நாட்டில் உயிர் நீத்தார்.