பத்துக்கு ஒண்ணு! பிராடாக்கை நீங்க நம்பியிருப்பீங்களா?

ஒரு சின்ன விளையாட்டு. ரெண்டு பேர் மோதப்போறாங்க. யார் ஜெயிப்பாங்கன்னு நீங்க சொல்லணும்.

முதல் ஆள், வயது 26. உலக ஹெவிவெயிட் சாம்பியன். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். வலது கை ஒருமுறை சரியாக இறங்கினால் எதிராளி எழுவது கஷ்டம். தன்னைவிட ரொம்பவே பெரிய ஒருத்தரைப் பத்துத் தடவைக்கு மேல் தரையில் தள்ளி, போன வருஷம்தான் பட்டத்தைப் பிடித்தவர்.

இரண்டாவது ஆள், 30 வயது முடிந்து ஆறே நாள் ஆகிறது. இருபதுக்கும் மேற்பட்ட தோல்விகள். திரும்பத் திரும்ப உடைந்த வலது கை. ஒரு வருஷத்துக்கு முன்புவரை துறைமுகத்தில் தினக்கூலி. மனைவி, மூன்று குழந்தைகள், அரசு கொடுத்த நிவாரணப் பணம்.

இப்போ சொல்லுங்க, உங்க ஓட்டு யாருக்கு?

முதல் ஆளைத்தானே சொன்னீங்க? கவலைப்படாதீங்க, 1935-ல் அமெரிக்காவே கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. அந்த முதல் ஆள் மேக்ஸ் பேயர். இரண்டாவது ஆள் ஜேம்ஸ் ஜே. பிராடாக். அவர் மேல் பந்தய விகிதம் 10-க்கு 1 வரை போயிருந்தது. அதாவது, பிராடாக் மேல் ஒரு டாலர் கட்டி அவர் ஜெயித்தால் பத்து டாலர் லாபம். கணக்காகப் பார்த்தால், இரண்டு பேரும் பதினொரு தடவை மோதினால் பிராடாக் ஒரு தடவை ஜெயிக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு தடவையும் நடக்கும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கவில்லை.

யார் இந்த பிராடாக்? நியூயார்க் மன்ஹாட்டனில் ஹெல்ஸ் கிச்சன் என்ற ஏழைப் பகுதியில் 1905 ஜூன் 7-ல் பிறந்தவர். ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம். வளர்ந்ததெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில். உண்மையான பெயர் ஜேம்ஸ் வால்டர் பிராடாக். அந்தக் காலத்து சாம்பியன்கள் ஜேம்ஸ் ஜே. கார்பெட், ஜேம்ஸ் ஜே. ஜெஃப்ரீஸ் பாணியில் இருக்கட்டுமே என்று நடுவில் ஒரு 'ஜே' சேர்ந்துகொண்டது. ராசியான பெயர் வைத்தால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை பாஸ்!

1926-ல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். லைட் ஹெவிவெயிட் பிரிவு. ஆயுதம் ஒன்றே ஒன்றுதான், வலது கை. 1928 நவம்பரில் டஃபி கிரிஃபித்ஸ் என்ற வீரரோடு மோதினார். வரிசையாக ஜெயித்துக்கொண்டு வந்தவர் கிரிஃபித்ஸ். பிராடாக் அவருக்கு ஒரு சின்னப் பயிற்சி மாதிரி என்றுதான் பேச்சு. இரண்டாவது ரவுண்டிலேயே ஆட்டத்தை முடித்தார் பிராடாக். கணிப்பாளர்கள் அப்போதே இவரிடம் ஒருமுறை ஏமாந்திருக்கிறார்கள், ஏழு வருஷத்தில் அது மறந்துபோச்சு.

1929 ஜூலையில் உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு. எதிரில் டாமி லாக்ரன். வேகமான கால்கள், இடது கையால் தட்டித் தட்டியே எதிராளியைக் குழப்பும் கெட்டிக்காரர். 15 ரவுண்டும் பிராடாக்கின் வலது கை அவரைத் தேடிக்கொண்டே இருந்தது, கிடைக்கவே இல்லை. புள்ளிக்கணக்கில் தோல்வி.

அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. நாடே முடங்கியது. பிராடாக்கின் சேமிப்பும் கரைந்தது. ரிங்கிலும் சரிவுதான். அடுத்த நான்கு வருஷங்களில் ஆடிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் தோல்வி. வலது கை உடையும், சரியாக ஆறுவதற்குள் அடுத்த சண்டைக்குப் போவார், திரும்ப உடையும். ஓய்வு எடுத்தால் வீட்டில் சாப்பாடு கிடையாது. 1933 செப்டம்பரில் ஏப் ஃபெல்ட்மன் என்பவரோடு நடந்த போட்டியில் கை மறுபடியும் உடைந்தது. ஆட்டம் அவ்வளவு மோசம், வெற்றி தோல்வியே அறிவிக்காமல் நடுவர் பாதியில் நிறுத்திவிட்டார். இனிமேல் குத்துச்சண்டை வேண்டாம் என்று ஒதுங்கினார்.

கொக்கி பிடித்த இடது கை

இங்கேதான் கொஞ்சம் நின்று கவனிக்கணும்.

வீட்டுச் செலவுக்காக நியூ ஜெர்சி துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார் பிராடாக். அதுவும் தினமும் கிடைக்கிற வேலை இல்லை. காலையில் போய் நிற்கணும், ஆள் எடுப்பவர் கை காட்டினால்தான் அன்றைக்குக் கூலி. சரக்கை இழுக்க இரும்புக் கொக்கி. உடைந்த வலது கையால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் எல்லாப் பாரத்தையும் இடது கையில் இழுத்தார். தூக்குவது, தள்ளுவது, புரட்டுவது எல்லாமே இடதுதான்.

குத்துச்சண்டை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வலது கைக்காரர்கள் இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பார்கள். முன்னால் இருக்கும் அந்த இடது கைதான் எதிராளியை நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துவது, தூரத்தை அளப்பது, கண்ணை மறைப்பது. 'ஜாப்' என்று சொல்வார்களே, அது. பிராடாக்கிடம் இல்லாமல் இருந்ததும் அதுதான். லாக்ரன் அவரைத் தோற்கடித்ததும் அதை வைத்துத்தான். எந்தப் பயிற்சியாளரும் சரிசெய்யாத குறையை, மாதக்கணக்கில் சரக்கு இழுத்த வேலை சரிசெய்தது. உடம்பும் தேறியது. வலது கைக்கும் ஆற நேரம் கிடைத்தது.

இது எந்த ரெக்கார்டு புத்தகத்திலும் ஏறவில்லை. அதில் இருந்ததெல்லாம் தோல்வி, தோல்வி, கை உடைவு, ஓய்வு. பந்தயம் கட்டியவர்கள் படித்தது அந்தப் பக்கத்தை.

கூலி போதவில்லை. பிராடாக் அரசு நிவாரணத்துக்கு விண்ணப்பித்தார். ஒருகாலத்தில் யாங்கி ஸ்டேடியத்தில் உலகப் பட்டத்துக்கு மோதியவர் வரிசையில் நின்று பணம் வாங்குவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. பின்னாளில் கையில் காசு வந்ததும் அந்தப் பணத்தை அரசுக்கே திருப்பிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

1934 ஜூனில் மேனேஜர் ஜோ கூல்ட் ஒரு வாய்ப்பைப் பிடித்துவந்தார். பெரிய போட்டிக்கு முன்னால் நடக்கும் துணைப் போட்டி ஒன்று. கார்ன் கிரிஃபின் என்ற வளர்ந்துவரும் வீரருக்கு அவசரமாக ஓர் எதிராளி வேண்டும். (முன்னால் வந்தவர் கிரிஃபித்ஸ், இவர் கிரிஃபின். குழம்பாதீங்க, இன்னும் ரெண்டு லூயிஸ் வரப்போறாங்க!) பயிற்சிக்கு நேரமே இல்லை. இரண்டாவது ரவுண்டில் பிராடாக் கீழே விழுந்தார். மூன்றாவது ரவுண்டில் கிரிஃபினை வீழ்த்தினார். அன்றைய முக்கியப் போட்டியில்தான் மேக்ஸ் பேயர், ராட்சத உருவம் கொண்ட பிரைமோ கார்னேராவை அடித்து வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். ஒரே இரவு, ஒரே ரிங். அடுத்த வருஷம் இவங்க ரெண்டு பேரும்தான் மோதுவாங்க என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அடுத்து நவம்பரில் ஜான் ஹென்றி லூயிஸ். ஏற்கெனவே பிராடாக்கைத் தோற்கடித்தவர், பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனும் ஆனவர். இந்த முறை ஜெயித்தது பிராடாக். 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கி. 15 ரவுண்டு முழுக்க ஆடி அதிலும் வெற்றி. மூன்று போட்டியிலும் பெரும்பாலோர் கைகாட்டியது எதிராளியைத்தான். மூன்று முறை தப்பான பிறகும் நான்காவதுக்கு 10-க்கு 1! ஒருத்தரைப் பற்றி ஊர் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்ற வைப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்க.

பேயர் வில்லனா?

பிராடாக் கதை 'சிண்ட்ரெல்லா மேன்' என்ற பெயரில் 2005-ல் ஹாலிவுட் படமாக வந்தது. ரஸ்ஸல் குரோவ் நடித்தார். நல்ல படம்தான். ஆனால், அதில் பேயரைக் கொடூரமான ஆளாகக் காட்டியது நியாயமில்லை. 1930-ல் பேயரோடு மோதிய ஃபிராங்கி கேம்ப்பெல் அடிபட்டு இறந்தது உண்மை. அந்த மரணம் பேயரை வருஷக்கணக்கில் வதைத்தது என்பதும் உண்மை. 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங்கை, யூதர்களின் தாவீது நட்சத்திரம் பொறித்த கால்சட்டையோடு வந்து தோற்கடித்தவர் அவர். சிரிக்கவைக்கும் ஆள், பார்ட்டி பிரியர், பயிற்சி என்றால் கசப்பு. அந்தக் கசப்புதான் அவர் பிரச்னை.

1935 ஜூன் 13, நியூயார்க் லாங் ஐலண்ட் சிட்டியின் திறந்தவெளி அரங்கம். பேயர் வழக்கம்போல ரிங்குக்குள் கோமாளித்தனம் செய்துகொண்டே ஆடினார். பிராடாக் சிரிக்கவே இல்லை. இடது கையை நீட்டி நீட்டித் தட்டிக்கொண்டே இருந்தார். நெருங்கினால் தட்டு, விலகினால் வட்டம். பேயரின் வலது கை சில தடவை பலமாக இறங்கியது, பிராடாக் விழவில்லை. உண்மையில் இதையும் புத்தகத்தைத் திறந்தவர்கள் கவனித்திருக்கலாம். பிராடாக்கின் அத்தனை தோல்விகளில் ஏறக்குறைய எல்லாமே புள்ளிக்கணக்கில் வந்தவை. தரையில் விழுந்து, பத்து எண்ணி முடிக்கும்வரை எழாமல் தோற்றது அதுவரை ஒருமுறைகூட இல்லை. ஒரே குத்தில் முடிக்க நினைப்பவர், பயிற்சி குறைவு, எதிரில் விழவே விழாத ஆள், போட்டியோ 15 ரவுண்டு. இப்படி எழுதிப் பார்த்தால் 10-க்கு 1 கொஞ்சம் ஓவராத் தெரியுது இல்ல? முடிவு தெரிந்தபிறகு இப்படிப் பேசுவது ஈஸிதான், ஒத்துக்கணும்.

15 ரவுண்டு முடிந்தது. நடுவர்கள் ஒருமனதாக பிராடாக் பக்கம். துறைமுகக் கூலி, உலக ஹெவிவெயிட் சாம்பியன்!

மேனேஜர் போட்ட கணக்கு

சாம்பியன் ஆன பிறகு இரண்டு வருஷம் பட்டத்தைக் காக்க அவர் ரிங்கில் இறங்கவில்லை. அந்த இடைவெளியில் இன்னொரு கணிப்பு தவிடுபொடியானது. எல்லோரும் தோற்கடிக்கவே முடியாதவர் என்று நம்பிய இளைஞர் ஜோ லூயிஸை, 1936 ஜூனில் மேக்ஸ் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். லூயிஸ் ஜாப் அடித்ததும் இடது கையைத் தாழ்வாக இறக்குகிறார் என்பதைப் படச்சுருள்களைப் பார்த்தே கண்டுபிடித்து வைத்திருந்தார் ஷ்மெலிங்.

நியாயப்படி பிராடாக்கோடு அடுத்து மோதவேண்டியவர் ஷ்மெலிங்தான். ஆனால், பட்டம் நாஜி ஜெர்மனிக்குப் போய்விடுமோ என்ற பயம், போட்டியைப் புறக்கணிக்கப்போவதாக வந்த எதிர்ப்பு, லூயிஸோடு மோதினால் வரும் பெரிய பணம் எல்லாம் சேர்ந்து ஆட்டத்தை மாற்றின. 1937 ஜூன் 3-ல் ஷ்மெலிங் மட்டும் தனியாக வந்து எடை பார்த்துவிட்டுப் போனார். எதிரில் ஆளே இல்லை.

பிராடாக் தேர்ந்தெடுத்தது லூயிஸை. இங்கேதான் ஜோ கூல்ட் செய்த வேலை. தன் வீரருக்கு வயது 32, எதிராளிக்கு 23. என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் லூயிஸின் போட்டிகளை நடத்திய மைக் ஜேக்கப்ஸிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: பிராடாக் தோற்றால், ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் ஜேக்கப்ஸுக்குக் கிடைக்கும் லாபத்தில் 10 சதவிகிதம், பத்து வருஷத்துக்கு பிராடாக் தரப்புக்கு வரணும். ஜேக்கப்ஸ் ஒப்புக்கொண்டார். தன் ஆள் தோற்பான் என்று கணித்து, அந்தத் தோல்வியையே அவன் குடும்பத்துக்கு வருமானமாக மாற்றிய மேனேஜர்! கட்டுரை முழுக்க வந்த கணிப்புகளிலேயே கெட்டிக்காரக் கணிப்பு இதுதான் என்பேன்.

1937 ஜூன் 22, சிகாகோ. முதல் ரவுண்டிலேயே லூயிஸைக் கீழே தள்ளி அரங்கத்தை எழுந்து நிற்க வைத்தார் பிராடாக். ஆனால் லூயிஸ் உடனே எழுந்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு ரவுண்டும் ஒருபக்கமாகப் போனது. முகம் கிழிந்து ரத்தம். ஆட்டத்தை நிறுத்தலாம் என்று கூல்ட் சொல்ல, பிராடாக் மறுத்துவிட்டார் என்பார்கள். பட்டம் போவதென்றால் ரிங்கிலேயே போகட்டும் என்ற பிடிவாதம். எட்டாவது ரவுண்டில் லூயிஸின் வலது கை இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக பத்து எண்ணும்வரை பிராடாக் எழவில்லை. இந்த முறை கணிப்பு பலித்தது. ஜாக் ஜான்சனுக்குப் பிறகு 22 வருஷம் கழித்து ஒரு கறுப்பின வீரர் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1949 வரை பட்டம் லூயிஸிடமே இருந்தது.

பிராடாக் இன்னும் ஒரே ஒரு போட்டி ஆடினார். 1938 ஜனவரியில், லூயிஸை எதிர்த்து 15 ரவுண்டு முழுக்கத் தாக்குப்பிடித்த வேல்ஸ் வீரர் டாமி ஃபாரோடு. ஜெயித்தார். அதோடு கையுறையைக் கழற்றினார். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு, நியூயார்க்கில் வெராசானோ பாலம் கட்டியபோது, 1960-களில், கட்டுமான வேலையில் இருந்தார். முன்னாள் உலக சாம்பியன், மறுபடியும் தண்ணீர் ஓரத்தில், மறுபடியும் கை வேலை.

பட்டம் வென்ற காசில் வாங்கிய வீடு நியூ ஜெர்சியின் நார்த் பெர்கனில். மனைவி மேயோடு கடைசிவரை அந்த ஊரில்தான் வாழ்ந்தார். 1974 நவம்பர் 29-ல் இறந்தபோது வயது 69. அந்த ஊர்ப் பூங்கா ஒன்றுக்கு இன்று அவர் பெயர்.