மண்ணின் மனம் அறிந்த மருத்துவர்

கலைகள் அறுபத்து நான்கு என்பர். அவற்றுள் எதைக் கற்றாலும், செய்தவன் கை தெரியாமல் செய்து முடிப்பதே அரிய திறம். கோல்ஃப் ஆட்டத்திற்குத் திடல் வகுக்கும் கலையில் அத்திறத்தின் சிகரத்தைத் தொட்டவர் டாக்டர் அலிஸ்டர் மெக்கன்சி. மரக்காணத்து உப்பளங்களின் நடுவே வளர்ந்த நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. ஆயினும் இவர் வரலாற்றைப் படித்தபோது, எங்கள் மண்ணை அறிந்த ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி எய்தினேன்.

இளமை

மெக்கன்சி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தார். ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம், தந்தையும் மருத்துவர். கேம்பிரிட்ஜில் பயின்ற மைந்தரும் லீட்ஸ் நகரில் மருத்துவத் தொழில் புரிந்தார்.

போர்க்களம் தந்த பாடம்

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இவர் படை மருத்துவராகப் பணியாற்றினார். போயர்கள் வெட்டிய பதுங்கு குழிகள் நிலத்தோடு நிலமாகக் கலந்து கிடந்தன. எதிரே நின்றோர் கண்ணுக்குப் புலப்படவில்லை. இவ்விந்தை அவர் உள்ளத்தில் பதிந்தது. முதல் உலகப் போரில் படையினருக்கு மறைப்புக் கலையைக் கற்பித்ததும், பின்னாளில் திடல்களில் மண்ணை அள்ளிக் கொட்டியபோதும் அது இயற்கையாய்க் கிடந்த மேடென்றே தோன்றச் செய்ததும் இப்பாடத்தின் விளைவே.

கடற்கரையே ஆசான்

கோல்ஃப் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் மணற்பாங்கான கடற்கரையில். அங்கே காற்று மேடுகளைக் குவித்தது. குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள் பள்ளங்களைத் தேய்த்தன. மனிதர் அவற்றினூடே ஆடினர். அவ்வாறு உருவான செயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடலை மெக்கன்சி 1924இல் அளந்து வரைபடம் ஆக்கினார்.

எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளரும் அவ்வாறே மண்ணிடம் கற்றவர்கள். நீர் செல்லும் சரிவறிந்து வரப்பிடுவர். பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டிய நீரைச் சிறு பாத்திக்குப் பாய்ச்சுவர். நிலத்தோடு மல்லுக்கு நின்றால் உப்பு விளையாது.

புகழும் முடிவும்

1907இல் லீட்ஸ் அருகே ஆல்வுட்லியில் தொடங்கிய பணி கடல் கடந்தது. 1926இல் ஆஸ்திரேலியா சென்று ராயல் மெல்பர்ன் மேற்குத் திடலுக்கு வடிவம் தந்தார். 1928இல் கலிபோர்னியாவின் மணல்மேடுகளுக்கும் சைப்ரஸ் மரங்களுக்கும் இடையே சைப்ரஸ் பாயின்ட் திறக்கப்பட்டது. அங்கே கடலைத் தாண்டிப் பந்தடிக்கும் 16ஆம் குழி உலகப் புகழ் பெற்றது. அதன் பெருமை மேரியன் ஹாலின்ஸ் என்னும் வீராங்கனையின் தொலைநோக்கையே சாரும் என்று அவர் எழுதிவைத்தார். தம் கையை மண்ணில் மறைத்தவர் பிறர் உழைப்பை மறைக்கவில்லை!

பாபி ஜோன்ஸுடன் இணைந்து, பழைய நாற்றுப்பண்ணை ஒன்றில் அகஸ்டா திடலை அமைத்தார். மணற்குழிகள் தொடக்கத்தில் 22 மட்டுமே. நிலத்தின் ஏற்ற இறக்கமே ஆட்டக்காரரைச் சோதித்தது. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம்; உரிய ஊதியமும் முழுமையாகக் கிட்டவில்லை. புல் வளர்ந்த கோலத்தைக் காணாமலே, 1934 ஜனவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சில் அங்கு முதற்போட்டி நடந்தது.

நமக்கு உரியது

இன்று எங்கள் கரையோரம் மணல்மேடுகளைச் சமமாக்கி மனைக்கல் நடுவோர் உளர். மேடு அவர்களுக்கு வெறும் இடையூறு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, தமிழகக் கரையில் மணல்மேடுகள் உயர்ந்து நின்ற பல இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. காற்று பல காலம் குவித்ததை இயந்திரம் ஒரே பகலில் வாரிவிடுகிறது. மீண்டும் குவிக்க அதனால் இயலுமா?

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் சாலை போடுவோம். சிலர் வீடு கட்டுவோம். அளவுகோலை எடுக்குமுன் அந்நிலத்தில் ஒரு நாள் நடந்து, காற்று எங்கிருந்து வருகிறது, நீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். மெக்கன்சியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற வேலை அதுவே.