சட்டைப் பையில் விதையோடு அலைந்த ரிட்லி

1888ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு சிங்கப்பூரில், நம்மவர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரத் தோட்டத்திற்கு ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்ற 32 வயது ஆங்கிலேயர் இயக்குநராக வந்து சேர்ந்தார். இந்த இரண்டும் ஒரு நாள் சந்தித்தன. அந்தச் சந்திப்பின் விளைவாகத்தான் நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் தொழில்நுட்பம் எப்படிச் சந்தைக்கு வருகிறது என்பதே அதன் பொருள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகின்றன. நான் மெர்சிங்கில் வளர்ந்தவள். அங்கிருந்து குளுவாங் போகும் சாலையில் இப்போது பெரும்பாலும் செம்பனைதான். இருந்தாலும் இடையிடையே சில ஏக்கர் பால் மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பாடத்திற்கு அவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ரிட்லி 1855 டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். லண்டன் அருங்காட்சியகத்தின் தாவரப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1887இல் பிரேசிலை ஒட்டிய ஃபெர்னாண்டோ டி நோரோன்யா தீவுக்கு ஓர் ஆய்வுப் பயணம் போய் வந்தார். அடுத்த ஆண்டு கிழக்கே வந்துவிட்டார். ஆர்க்கிட் மலர்களில் அவருக்குத் தனி ஆர்வம் உண்டு. இன்று சிங்கப்பூரின் தேசிய மலராக இருக்கும் வாண்டா மிஸ் ஜோக்கிமை 1893இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவரும் அவர்தான்.

அவர் வந்தபோது தோட்டத்தில் ரப்பர் மரங்கள் ஏற்கெனவே இருந்தன. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றிருந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9, பேராக்கின் கோலகங்சாருக்குப் போய் ஹியூ லோவின் பொறுப்பில் நடப்பட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவை பூமலையில் வளர்ந்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவை சும்மா நின்றன என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மரம் இருந்தது, மண்ணும் மழையும் ஒத்துப்போயின. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839லேயே கண்டுபிடித்துவிட்டார். அப்படியும் யாரும் அதைப் பயிராக்கவில்லை.

ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் மரம் புண்பட்டுப் பட்டை முண்டு முண்டாகிவிடும், சில மரங்கள் பட்டுப்போகும். காட்டில் அது நட்டமில்லை, அடுத்த மரத்திற்குப் போய்விடலாம். சொந்தக் காசு போட்டு நட்டவனுக்கு அது கட்டாது. அதோடு நட்ட பிறகு ஐந்தாறு ஆண்டுகள் ஒரு காசு வருமானம் கிடையாது. விதையோ சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். அந்தக் காலத்து மலாயாவில் காப்பிக்கு நல்ல விலை இருந்தது. காப்பித் தோட்டக்காரர் எதற்காக இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

ரிட்லியின் வேலை இங்குதான் தொடங்கியது. 1889 முதல் அவர் அந்த மரங்களைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தார். மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண் குழாய்கள் உள்ளன. அதற்கும் உள்ளே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. கத்தி அந்தப் படலத்தைத் தொட்டால் காயம் சரியாக ஆறாது. தொடாமல் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுத்தால் பால் வடியும், பட்டையும் மீண்டும் வளரும். இன்னொரு வியப்பும் காத்திருந்தது. புதிய இடத்தில் வெட்டுவதைவிட, பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடி மெலிதாகச் சீவினால் பால் கூடுதலாக வந்தது. நடுவில் ஒரு நேர்க்கோடு, இரு பக்கமும் சாய்வான வெட்டுகள் என்று மீன் முள் போன்ற வடிவத்தில் அவர் அமைத்த முறை 1890களின் நடுவில் தெளிவான வடிவம் பெற்றது.

என் பாட்டி மெர்சிங்கிற்கு மேற்கே ஒரு சிறு நிலத்தில் பால் வெட்டியவர். அவர் காலத்தில் மீன் முள் வெட்டு போய், மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரே சாய்வு வெட்டு வந்துவிட்டது. அடிப்படை அதேதான். விடியும் முன்னே கிளம்ப வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்த சாய்வில் சீவ வேண்டும், அப்போதுதான் கூடுதலான பால் குழாய்கள் அறுபடும். நேற்றைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் இன்றைய சீவல். எங்கள் கிழக்குக் கரையில் ஆண்டு இறுதிப் பருவமழை வந்தால் பட்டை நனைந்து, பால் மங்குக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்தோடும், வேலையே நடக்காது. அந்த மாதங்களில் கடன்தான். பாட்டி ரிட்லியின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எவ்வளவு ஆழத்தில் கத்தியை நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

வெட்டும் முறை கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. விதையை ஈரக் கரித்தூளில் பொதிந்து அனுப்பினால் தூரப் பயணத்தைத் தாங்கும் என்று ரிட்லி கண்டார். கண்டறிந்தவற்றைப் பூட்டி வைக்காமல், 1891இல் தொடங்கிய வேளாண்மை இதழில் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார். அதுவும் போதவில்லை. சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் நட்டுப் பாருங்கள் என்று கெஞ்சி அலைந்தார். அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மேலிடத்திலும் இந்த வேலையை வீண் என்று நினைத்தவர்கள் உண்டு.

முதலில் பெரிய அளவில் துணிந்தவர்களில் ஒருவர் மலாக்காவின் டான் சே யான், மரவள்ளித் தோட்டம் வைத்திருந்த சீனர். சிங்கப்பூரின் புகழ்பெற்ற கொடையாளர் டான் டொக் செங்கின் பேரன். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிவாக்கினார். அந்தக் காலகட்டத்திலேயே காப்பி விலை சரிந்தது, பூச்சித் தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஏளனம் செய்தவர்கள் விதை கேட்டு வந்தார்கள். 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1917க்குள் பூமலையிலிருந்து 70 லட்சம் விதைகள் வெளியேறியிருந்தன. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது.

நம் பாடநூல்கள் ரிட்லியைத் தனி வீரராகக் காட்டுகின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இலங்கையிலும் அதே காலத்தில் ஜான் பார்க்கின் போன்றோர் பால் ஓட்டத்தை ஆராய்ந்தார்கள். அதைவிட முக்கியமானது, ரிட்லிக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. தனியார் எவரும் பலன் தெரியாமல் பத்து, பதினைந்து ஆண்டுகள் மரத்தை வளர்த்துக் காத்திருக்க மாட்டார்கள். அரசுத் தோட்டம் காத்திருந்தது. தோற்றுப்போன வெட்டு முறைகளின் செலவையும் அதுவே ஏற்றது. விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது, சோதித்து முடித்த மரமும் விதையும் வழிமுறையும்தான். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அந்த வேலையைத் தொடர்ந்தது. செயற்கை ரப்பர் போட்டியாக வந்தபோது, 1965இல் தரச் சான்றோடு கூடிய மலேசிய ரப்பர் அறிமுகமானது. சுங்கை பூலோ வட்டாரத் தோட்டப்புறத்தில் பிறந்த பி. சி. சேகர் அந்தக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடமும் ஒன்று இருக்கிறது. மரம் நோகாமல் பால் எடுப்பது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். வெட்டும் ஆளுக்கு என்ன ஆகும் என்று அப்படி ஒரு சோதனை முதலில் நடக்கவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும் முறை என்றால் நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். அந்தக் கைகள் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்திலும் கங்காணி மூலமும் வந்தன. காடழித்த புதிய தோட்டங்களில் மலேரியா பலரைக் கொன்றது. ஒப்பந்த முறை 1910இல் நின்றது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை போட்டது. இன்று எங்கள் வகுப்பில் ஒரு கண்டுபிடிப்பு சந்தைக்குத் தயாரா என்று பார்க்கப் பல கட்ட அளவுகோல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் கையாளப் போகும் தொழிலாளிக்கு அதில் எந்தக் கட்டம் என்று நான் விரிவுரையாளரிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்றார், அடுத்த வாரம் பேசலாம் என்றார்.

ரிட்லி 1912 வாக்கில் ஓய்வு பெற்றுக் கியூ தோட்டத்தின் அருகில் குடியேறினார். அங்கே சும்மா இருக்கவில்லை. மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து தொகுதிகளாக 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றி 1930இல் ஒரு பெரிய நூல் எழுதினார். திருமணம் செய்துகொண்டபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1956 அக்டோபர் 24இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். மறு ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றபோதும் நாட்டின் முதன்மை ஏற்றுமதி ரப்பர்தான்.

1877இல் வந்த நாற்றுகளில் ஒன்று கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகில் இன்னும் நிற்கிறது. ஈப்போ பக்கம் போகிறவர்கள் சற்று வளைந்து போனால் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.